கல்யாணி, மிஸ்ர சாபு: 11 பேர் கலப்புக் குழுவில் சுருதி, ஹார்மனி, கோர்வை சிக்கல்கள்

சதுஸ்ரம்:

கர்நாடக சங்கீதம், ஜாஸ், மேற்கத்திய சேம்பர் மூன்றும் சேர்ந்த ஒரு குழுவுக்கு ஸ்கோர் தயாராகிறது. பெண் குரல் (சுருதி, அதாவது ஸட்ஜத்தின் உயரம், 5½ கட்டை), கர்நாடக வயலின், மிருதங்கம் ஒரு பக்கம். இரண்டு வயலின், வியோலா, செல்லோ கொண்ட ஸ்ட்ரிங் குவார்டெட் இன்னொரு பக்கம். டெனர் சாக்ஸ், பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் மூன்றாவது பக்கம்.

உருப்படி கல்யாணி ராகம், மிஸ்ர சாபு தாளம் (3+2+2 என ஏழு அட்சரம்), மத்யம காலம். ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) சுமார் இரண்டரை வினாடி. பல்லவி வரி ஒன்று, நிரவல் (அதே வரியை விதவிதமாக விரிப்பது), கல்பனாஸ்வரம் (ஸ்வரங்களை மேடையிலேயே கற்பனையாகப் பாடுவது), சாக்ஸ் சோலோ, கோர்வை (கணக்கிட்டு முடிக்கும் தாளக் கோவை), முடிப்பு. மொத்தம் 12 நிமிடத்துக்குள்.

ஒத்திகையில் தெரிந்த சிக்கல்கள் இவை. 5½ கட்டையில் குவார்டெட் மந்தமாகக் கேட்கிறது. பியானோ கார்டுகள் நகர ஆரம்பித்ததும் ராகம் கல்யாணியாகவே இல்லை, சங்கராபரணம் மாதிரி ஆகிவிடுகிறது. இத்தனைக்கும் ராகத்தில் இல்லாத ஸ்வரம் ஒன்றுகூட பியானோவில் இல்லை. குரல் காந்தாரத்தில் நின்றால் பியானோவோடு ஏதோ உரசுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோர்வையில் குவார்டெட் ஒரு மாத்திரை தள்ளி முடிக்கிறது, ஒவ்வொரு தடவையும். கோர்வை கணக்கு இதுதான் (1 அட்சரம் = 2 மாத்திரை, ஆவர்த்தனம் 14 மாத்திரை, நான்கு ஆவர்த்தனம்; கார்வை என்பது நீட்டிப் பிடிப்பது):

7 + கார்வை 2, 5 + கார்வை 2, 3 + கார்வை 2
9 + கார்வை 4, 9 + கார்வை 4, 9

21 + 35 = 56. கணக்கு சரி. வாசிப்பில்தான் வரவில்லை. ஸ்கோர் 7/8-இல் எழுதப்பட்டிருக்கிறது. எதை மாற்றுவது?

---

அரைக்கட்டை:

சுருதியை முதலில் முடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

5½ கட்டை என்றால் ஏ ஃப்ளாட். (ஸ்கோரில் ஜி ஷார்ப் என்று எழுதியிருந்தால் உடனே மாற்றுங்கள். கல்யாணிக்கு அதில் டபுள் ஷார்ப் வரும், படிக்கிறவர்கள் சபிப்பார்கள்.) சாக்ஸுக்கு இது வசதியான சுருதிதான், டெனரில் பி ஃப்ளாட் ஆகிறது. ஆனால் குவார்டெட்டில் ஸட்ஜமும் பஞ்சமமும் எந்தத் திறந்த (விரல் வைக்காமல் ஒலிக்கும்) தந்தியிலும் இல்லை. கருவியின் உடம்பு கூடவே அதிராது. நீங்கள் சொல்லும் மந்தம் அதுதான்.

அரைக் கட்டை இறக்கி 5-க்கு வாருங்கள். ஸ = ஜி, ப = டி. இந்த இரண்டு சுரமும் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் நான்கிலும் திறந்த தந்தியாக இருக்கின்றன. கர்நாடக வயலினுக்கும் இது லாபம்: மேற்கத்திய ஜி-டி-ஏ-ஈ சேர்க்கையிலிருந்து மேல் இரண்டு தந்திகளை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் ஜி-டி-ஜி-டி, அதாவது ஸ-ப-ஸ-ப. டெனர் சாக்ஸுக்கு ஸட்ஜம் ஏ. நான்கு ஷார்ப் வரும், சமாளிப்பார்.

பாடகியிடம் அரைக் கட்டை இறங்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. ஏறச் சொல்வது அப்படி இல்லை. ஒன்றை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்: மந்திர ஸ்தாயியில் எதுவரை குரல் கனமாக வருகிறது? கல்யாணியில் மந்திர தைவதம் வரை போய் வரும் பிடிகள் (ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரக் கோவைகள்) நிறைய. அங்கே குரல் காற்றாகப் போனால் அந்தப் பிடிகளைச் செல்லோவுக்குக் கொடுத்துவிடலாம்.

மிருதங்கக்காரரிடம் குறைந்தது ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள். 5½-க்கு இழுத்து வைத்த வலந்தலையை (வலப்பக்கத் தோலை) கடைசி நிமிடத்தில் தட்டி இறக்கினால் சுருதி நிற்காது, கச்சேரி நடுவில் மறுபடி ஏறும். 5-க்கென்றே சேர்த்த எச்சு சுருதி (உயர்ந்த சுருதி) வாத்தியம் வேண்டும்.

அடுத்தது அந்த உரசல். பியானோ ஏ = 440 என்றால் மத்ய ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். எலக்ட்ரானிக் தம்புராவை அதற்கே நுணுக்கமாக வையுங்கள், "5 கட்டை" பொத்தானை அழுத்தி விட்டுவிடாதீர்கள். குவார்டெட் 442-க்குப் பழகியவர்களாக இருந்தால் அதையும் கேளுங்கள். அங்கேயே 8 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட்) போய்விடும். இவ்வளவு செய்தாலும் காந்தாரம் இடிக்கும். தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் 196 × 5/4 = 245 ஹெர்ட்ஸ். பியானோவின் பி 246.9. வினாடிக்கு இரண்டு அலையாக அதிரும். தார ஸ்தாயியில் நான்கு. யாரும் தப்பாகப் பாடவில்லை, யாரும் தப்பாக வாசிக்கவில்லை. இரண்டு காந்தாரமும் 14 சென்ட் தள்ளி இருக்கின்றன, அவ்வளவுதான். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், காதுக்குத் தெரியாது.

வழி ஒன்றுதான்: குரல் காந்தாரத்தில் நிற்கும்போது பியானோ காந்தாரத்தைத் தொடக்கூடாது. குவார்டெட் தொடலாம், அவர்கள் காதால் இறக்கிக்கொள்வார்கள்.

---

நீலச்சுரம்:

ராகம் மாறிக் கேட்பதற்குக் காரணம் கிரக பேதம். கல்யாணியின் பஞ்சமத்தை ஸட்ஜமாக வைத்தால் சங்கராபரணம். உங்கள் பியானோ அந்த வேலையைத் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறது.

5 கட்டைக்கே சொல்கிறேன். கல்யாணி: ஜி, ஏ, பி, சி ஷார்ப், டி, ஈ, எஃப் ஷார்ப். இதில் ரிஷபத்தின்மேல் ஏ மேஜர் கார்ட் கிடைக்கும் (ரி-ம-த). அதோடு ஜி-யும் சேர்ந்தால் ஏ7. ஜாஸ் பியானோக்காரரின் கை ஏ7-ஐப் பார்த்ததும் தானாக டி மேஜருக்குப் போகும். போன மாத்திரத்தில் கேட்பவர் காது டி-யை வீடாக எடுத்துக்கொள்கிறது. தம்புரா ஜி-யை எவ்வளவுதான் சொன்னாலும் அது "நான்காவது" ஆகிவிடுகிறது. ராகத்துக்குப் புறம்பான ஸ்வரம் ஒன்றும் இல்லை, ஆனாலும் ராகம் போய்விட்டது.

ஆகவே முதல் விதி, ஏ7-லிருந்து டி-க்கு இறங்காதே. இரண்டாம் விதி, டபுள் பாஸ் ஜி-யை விட்டு நகராதே. வாக்கிங் பாஸ் (அடிக்கு ஒரு சுரமாக நகர்ந்துகொண்டே இருக்கும் பாஸ்) இங்கே வேண்டவே வேண்டாம், அது ஒவ்வொரு அடியிலும் ஸட்ஜத்தை இடம் மாற்றும். 3+2+2-க்குக் கீழ் ஸ, ப, மேல் ஸ என்று மூன்றே சுரத்தில் ஒரு சுழற்சி போதும். ஏ மேஜர் கார்டை ஜி-யின்மேல் வைத்துவிட்டு ஜி-டி வெறும் பஞ்சமத்துக்குத் திரும்பினால் அது கல்யாணியின் நிறத்தைக் கூட்டவே செய்யும்.

பியானோவின் வலது கைக்கு மூன்றாம் சுர அடுக்கு வேண்டாம். நான்காம் சுர அடுக்காகக் கொடுங்கள்: த-ரி-ப, அதாவது ஈ-ஏ-டி. இதில் காந்தாரம், மத்யமம், நிஷாதம் மூன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். குரலுக்கு வேண்டிய இடம் அந்த மூன்றும்தான். கல்யாணியில் பிரதி மத்யமம் பஞ்சமத்தைத் தொட்டுத் தொட்டு அசையும், நிஷாதம் தார ஸட்ஜத்தைத் தொட்டு அசையும். அசையும் சுரத்துக்கு அடியில் அதே சுரத்தைப் பியானோ அசையாமல் பிடித்தால், கமகம் சுருதி விலகல் மாதிரிக் கேட்கும். பாடகியைக் குறை சொல்வார்கள், குற்றம் கார்டில். குரல் ஓய்ந்த இடத்தில் க-த-ரி (பி-ஈ-ஏ) வைக்கலாம், அழகாகத் திறக்கும்.

உண்மையைச் சொன்னால், நான்கு நரம்பு வாத்தியமும் பியானோவும் சேர்ந்து ஒரே நேரத்தில் கீழே விரிப்பது அதிகம். நிரவலில் பியானோ ஓய்வு, சாக்ஸ் சோலோவில் குவார்டெட் ஓய்வு என்று பிரியுங்கள். 1970களின் நடுவில் வந்த சக்தி குழுவைக் கேளுங்கள்: கிட்டார், வயலின், தபலா, கடம், முதல் பதிவில் மிருதங்கமும். பியானோ இல்லை, பாஸ் இல்லை, டிரம் செட் இல்லை. ஜான் மெக்லாஃப்லின் கமகம் வளைவதற்காகவே கிட்டாரின் விரல் பலகையைக் குழித்து, சுருதித் தந்திகளையும் குறுக்கே பூட்டிக்கொண்டார். அங்கே மோதல் இல்லாததற்குப் பாதிக் காரணம், மோதக்கூடிய கருவி மேடையிலேயே இல்லாததுதான். 1960களின் நடுவில் ஜோ ஹாரியட்டும் ஜான் மேயரும் அமைத்தது இரட்டை ஐவர் குழு. உங்கள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வரும் முன்மாதிரி அது. எத்தனை பேர் எந்த நேரத்தில் சும்மா இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள்.

சாக்ஸுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். அவர் தாளில் ஸட்ஜம் ஏ. அவர் முக்கியமாகத் தொடக்கூடாத சுரம் டி நேச்சுரல். அது சுத்த மத்யமம், தொட்டால் கதை முடிந்தது. பிபாப் என்ற வேக ஜாஸ் பாணி ஓட்டத்தில் இடைச் சுரமாக அது தானாக நுழையும், அதனால் வட்டமிட்டே எழுதுங்கள். ஏறும் வரிசையை அப்படியே கொடுக்காமல் பிடியாகக் கொடுங்கள்: நி-ரி-க-ம-த-நி, அவருக்கு ஜி ஷார்ப்-பி-சி ஷார்ப்-டி ஷார்ப்-எஃப் ஷார்ப்-ஜி ஷார்ப். ஸட்ஜ பஞ்சமங்களைத் தாண்டிப் போகும் இந்த ஒரு பிடி கைக்கு வந்துவிட்டால் சோலோ கல்யாணி வாசனையோடு இருக்கும். லிடியன் ஸ்கேல் (இதே ஏழு சுரங்களின் மேற்கத்திய வரிசை) என்று மட்டும் சொல்லி அனுப்பினால் லிடியன்தான் வரும், கல்யாணி வராது.

---

கும்கி:

கோர்வைக்கு வருவோம். கணக்கு சரிதான், எங்க தவறுதுன்னு மாத்திரை மாத்திரையா பார்த்தா தெரிஞ்சிடும்.

முதல் ஆவர்த்தனம்: 7, கார்வை 2, 5. பதினாலு முடிஞ்சது. ரெண்டாவது ஆவர்த்தனம் சமத்துல (முதல் அடியில) கார்வையோட "தா" விழுது. இது பிடிமானம். அப்புறம் 3, கார்வை 2. இப்போ 7 மாத்திரை ஆச்சு, ஆவர்த்தனத்துல சரிபாதி. முதல் 9 எட்டாவது மாத்திரையில கிளம்பணும். அதாவது நாலாவது அட்சரத்தோட பின்பாதி.

இங்கதான் உங்க குவார்டெட் விழுது. 7/8-ல படிக்கிறவங்களுக்கு நாலாவது அட்சரத்தோட பின்பாதி ஒரு இடமே இல்லை. அடுத்த முழு அட்சரத்துக்குக் காத்திருந்து, அஞ்சாவதுல ஆரம்பிக்கிறாங்க. ஒரு மாத்திரை தள்ளிடுச்சு. அப்புறம் எல்லாம் சரியா வாசிச்சாலும் முடிவு ஒரு மாத்திரை தள்ளித்தான் வரும்.

ரெண்டாவது 9 மூணாவது ஆவர்த்தனத்துல ஏழாவது மாத்திரை. நாலாவது அட்சரம், சுத்தமா தட்டு மேல, 3+2+2-ல முதல் ரெண்டு ஆரம்பிக்கிற இடம். மூணாவது 9 நாலாவது ஆவர்த்தனத்துல ஆறாவது மாத்திரை, திரும்ப பின்பாதி. ஆக, பின்பாதி, தட்டு, பின்பாதி. இந்த மூணு வார்த்தையை ஸ்கோர்ல பென்சில்ல எழுதச் சொல்லுங்க. நடு 9 தட்டு மேல வந்துதான்னு பார்த்தா போதும், தப்பு அங்கேயே பிடிபட்டுடும், முடிவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

சொல்லா பழக்குங்க, வாத்தியம் எடுக்காம:

தகிட தகதிமி தா , | ததிகிணதொம் தா , | தகிட தா ,
தகதிமி ததிகிணதொம் தாம் , , ,
தகதிமி ததிகிணதொம் தாம் , , ,
தகதிமி ததிகிணதொம்

கையில தாளம், வாயில சொல். தாளம் கலையாம எல்லாரும் சொல்லி முடிக்கிற வரைக்கும் வில்லைத் தொட விடாதீங்க. வேகம் பாதியில ஆரம்பிக்கலாம், அட்சரம் 84-ல. உங்க காலப்பிரமாணம் 168 வருது, அங்க ஒரு மாத்திரை 180 மில்லிசெகண்டுக்கும் கொஞ்சம் குறைவு. பழகாத கைக்கு அந்த வேகத்துல பின்பாதி பிடிபடாது.

இன்னொண்ணு. ஸ்கோர்ல கார்வையை ரெஸ்ட்டா எழுதியிருக்கான்னு பாருங்க. கார்வை மௌனம் இல்லை. "தா"ன்னு விழுந்து நீள்றது. ரெஸ்ட்டா எழுதினா அந்த அடி விழாம போயிடும், ரெண்டாவது ஆவர்த்தனம் சமத்துல இருக்கிற ஒரே பிடிமானமும் போச்சு. ரெண்டு மாத்திரைக்கு ஒரு நோட்டா எழுதணும்.

டிரம்ஸ்காரருக்கு: இந்த உருப்படியில ஸ்விங் வேண்டாம். மிருதங்கம் அட்சரத்தை ரெண்டு ரெண்டா சமமாப் பிரிக்குது. ஸ்விங் மூணா பிரிச்சு ரெண்டு-ஒண்ணுன்னு சாய்க்குது. ரெண்டும் சேர்ந்தா ஒவ்வொரு அட்சரத்துலயும் ரெண்டு அடி உரசும். ஸ்விங் ஆசையா இருந்தா திஸ்ர நடையில (அட்சரத்துக்கு மூணு) இன்னொரு உருப்படி போடுங்க, அங்க கச்சிதமா உட்காரும். இங்க பிரஷ், ரைடு, 4-வது 6-வது அட்சரத்துல கிராஸ் ஸ்டிக். கிக் டிரம்மைக் கிட்டத்தட்ட மறந்துடச் சொல்லுங்க. தொப்பியோட (மிருதங்கத்தோட இடப்பக்கம்) கும்காரமும் டபுள் பாஸும் இருக்கிற இடத்துல மூணாவது ஆள் வந்தா எதுவுமே கேட்காது.

---

வில்நரம்பு:

கும்கி சொன்ன சொற்கட்டுப் பயிற்சி சரி. ஆனால் குவார்டெட்டை அது மட்டும் காப்பாற்றாது. மேடையில் அவர்கள் கண் தாளில்தான் இருக்கும். தாளைத் திருத்துவதுதான் முதல் வேலை.

7/8 வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பார் = ஒரு ஆவர்த்தனம். பாட்டு முழுவதும் பீம்களை (நோட்டுகளை இணைக்கும் தடித்த கோடுகளை) 3+2+2 ஆகச் சேருங்கள். மென்பொருள் தானாக 4+3 ஆகப் பிரித்திருந்தால் அது விலோம சாபு, வாசிப்பவர் அழுத்தமே மாறிவிடும். கோர்வையில் மட்டும் இந்த விதியை உடையுங்கள். அங்கே பீம் சொற்கட்டைப் பின்பற்றட்டும், பார் கோட்டைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை. மேலே சொற்கட்டைத் தமிழிலோ அவர்களுக்குப் படிக்க வரும் எழுத்திலோ எழுதுங்கள். ஸ்டேவுக்குக் கீழே சின்னக் கோடுகளாக 1, 4, 6 அட்சரங்களைக் காட்டுங்கள். அப்போது இரண்டு கணக்கும் ஒரே பார்வையில் தெரியும்.

கோர்வை முழுவதையும் நான்கு பேரும் ஒன்றாக வாசிக்கவும் வேண்டாம். 7-5-3 பகுதியைக் குரலும் கர்நாடக வயலினும் மிருதங்கமும் கொண்டுபோகட்டும். குவார்டெட் "தா" விழும் மூன்று இடங்களில் மட்டும் சேரட்டும், பிட்சிகாட்டோவில் (விரலால் சுண்டி). மூன்று 9-களில் எல்லோரும் வில்லோடு சேரலாம். வில் ஒரு சுரத்துக்கு ஒன்று, ஒவ்வொரு 9-இன் முதல் சுரமும் கீழ் வில். 9 ஒற்றைப்படை என்பதால் கீழ் வில்லில் தொடங்கி கீழ் வில்லில் முடியும், அடுத்து வரும் கார்வையை மேல் வில்லில் இழுத்தால் அடுத்த 9 மறுபடி கீழ் வில்லுக்குத் தானாக வந்துவிடும். கணக்கு மறந்தவருக்கும் கை நினைவூட்டும்.

நீலச்சுரம் பியானோவுக்குச் சொன்னது குவார்டெட்டின் விப்ராட்டோவுக்கும் பொருந்தும். குரலுக்கு அடியில் விப்ராட்டோ இல்லாமல் நேர்த்தந்தியாகப் பிடிக்க வேண்டும். விப்ராட்டோ சுரத்தைச் சுற்றி ஒரே வேகத்தில் ஆடுவது. கம்பிதம் (சுரத்தை அசைக்கும் கமகம்) சுரத்துக்குச் சுரம் வேறு வேகம், வேறு அகலம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் இரண்டுமே கெடும். கமகத்தைக் குவார்டெட்டுக்கு முழுசாக எழுதவும் முயலாதீர்கள். அலங்காரக் குறிகளால் பக்கம் கறுத்துப்போகும், வாசிப்பு மரத்துப்போகும். பல்லவி வரியில் ஒரே ஒரு சங்கதியை (வரியின் ஒரு மாறுபாட்டை) கர்நாடக வயலின்காரர் வாயால் சொல்லிக்கொடுத்து, முதல் வயலின் மட்டும் காதால் பிடிக்கட்டும். மற்ற மூவருக்கும் நேர்ச்சுரம்.

நிரவலும் ஸ்வரமும் எத்தனை ஆவர்த்தனம் போகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் பார் எண்ணிக்கை போடாதீர்கள். திரும்பத் திரும்ப வாசிக்கும் நான்கு பார் கட்டங்களாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எழுத்து கொடுங்கள். அடுத்த கட்டத்துக்குத் தாண்ட வேண்டிய நேரத்தை ஒருவர் கை தூக்கிக் காட்ட வேண்டும். அந்த ஒருவர் பாடகி இல்லை, அவர் கை தாளத்தில் இருக்கிறது. கர்நாடக வயலின்காரரின் வில் நுனியே நல்ல அடையாளம். குறைப்பில் 4, 2, 1 ஆவர்த்தனம், பிறகு 7 மாத்திரை என்று சாக்ஸும் குரலும் மாறி மாறி வரட்டும். ஜாஸ்காரர்கள் நான்கு நான்கு பாராக மாற்றி வாசித்துப் பழகியவர்கள்தான், விளக்கவே தேவையிருக்காது.

உட்காருவது. கர்நாடகப் பக்கம் தரையில், மற்றவர்கள் நாற்காலியில் என்றால் கண்ணும் கண்ணும் சந்திக்காது. மேடைக்குள் 45 செ.மீ. உயரத்தில் ஒரு சிறு மேடை போடுங்கள், நாற்காலி உயரத்துக்குச் சரியாக வரும். மிருதங்கத்துக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் டபுள் பாஸ் நிற்கட்டும். மிருதங்கத்திலிருந்து செல்லோ 7 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி போய்ச் சேரவே 20 மில்லிசெகண்ட். கோர்வையில் அது தெளிவாக இரட்டை அடியாகக் கேட்கும்.

---

சதுஸ்ரம்:

மிக்க நன்றி. 5 கட்டை, த-ரி-ப அடுக்கு, பீம் மாற்றம் மூன்றும் ஸ்கோரில் ஏறிவிட்டன. ஒரு சிக்கல் பாக்கி. பல்லவி வரியின் எடுப்பு (வரி தொடங்கும் இடம்) சமத்தில் இல்லை, 3 அட்சரம் தள்ளி. கோர்வை சமத்தில் முடிந்து, பிறகு 3 அட்சரம் காத்திருந்து வரி எடுப்பது தொங்கலாக இருக்கிறது. எடுப்பிலேயே முடிய கணக்கை எப்படி மாற்றுவது? 7-5-3 அப்படியே இருக்க வேண்டும்.

---

கும்கி:

3 அட்சரம்னா 6 மாத்திரை. மொத்தம் 62. முன்பகுதி 21 போக 41. மூணு சொல்லும் ரெண்டு கார்வையும் 41 ஆகணும். ரெண்டு வழி நல்லா இருக்கு. 9-ஐ அப்படியே வெச்சு கார்வையை 7 ஆக்கலாம்: 27 + 14. இல்ல, கார்வை 4-ஐ அப்படியே வெச்சு சொல்லை 11 ஆக்கலாம்: 33 + 8.

ரெண்டாவதை எடுங்க. 9-ஐயும் 7-ஐயும் வெச்சா மூணு சொல்லுமே பின்பாதியில கிளம்பும், குவார்டெட்டுக்கு நடுவுல பிடிச்சுக்க ஒண்ணும் கிடைக்காது. 11-ம் 4-ம்னா முதல்து பழையபடி ரெண்டாவது ஆவர்த்தனம் எட்டாவது மாத்திரை. நடு 11 மூணாவது ஆவர்த்தனம் ஒன்பதாவது மாத்திரை, அஞ்சாவது அட்சரம், தட்டு மேல. மூணாவது நாலாவது ஆவர்த்தனம் பத்தாவது மாத்திரை, பின்பாதி. அதே பின்பாதி, தட்டு, பின்பாதி. சொல்: தகதிமி தக ததிகிணதொம்.

கடைசி 11-க்கு உள்ளேயே அஞ்சாவது ஆவர்த்தனத்தோட சமம் கடந்து போகும், ஆறாவது எழுத்துல, "தக"வோட "க" மேல. டிரம்ஸ்காரர் பழக்கத்துல அங்க சிம்பல் அடிப்பார். அடிச்சா கோர்வை அங்கேயே உடையும். சிம்பல் எடுப்புல, நாலாவது அட்சரத்துல. அவர் தாள்ல சிவப்புல எழுதி வைங்க.

---

வில்நரம்பு:

11-உம் ஒற்றைப்படைதான், வில் போக்கு மாறாது. கார்வை மேல் வில்லிலேயே இருக்கட்டும்.

---

அரைக்கட்டை:

ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் தம்புராவை எல்லோருடைய மானிட்டரிலும் கொடுங்கள், குவார்டெட்டுக்கு அதைத் தவிர வேறெதுவும் அதிகம் வேண்டாம். மிருதங்கத்துக்கு இரண்டு மைக். வயலின் மைக்குகளில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம், திறந்த ஜி தந்தியே 196-இல்தான் இருக்கிறது. செல்லோவில் அப்படி வெட்டாதீர்கள். விளக்கு வெளிச்சத்தில் தொப்பியின் ரவை காய்ந்தால் சுருதி ஏறி டபுள் பாஸின் ஜி-யோடு இடிக்கும், இந்த உருப்படிக்கு முன்னால் ஈரம் பார்த்துக்கொள்ள மிருதங்கக்காரருக்கு ஒரு நிமிடம் விடுங்கள். அந்த நிமிடத்தில் பியானோக்காரர் எதையாவது வாசித்து நிரப்ப வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.